காதுக்குக் காது ராஜபாண்டி

தன்னுடைய கோபம் அடுத்தவர் காதில் தொங்குவதை ராஜபாண்டி முதன்முதலாகப் பார்த்தது மதுரை காளவாசலில், அதுவும் தன் சொந்தக் கடையில்.

கடை என்றால் ஹாரன் கடை. லாரிக்கு, பஸ்ஸுக்கு, வேனுக்கு, ஷேர் ஆட்டோவுக்கு என்று எதற்கு எந்தச் சத்தம் வேண்டுமானாலும் அங்கே கிடைக்கும். கிடைக்காத சத்தத்தைக் கடைக்காரரே போட்டுக் காட்டுவார். கோபத்துக்கு அவருடைய மூக்கு நுனியில்தான் குடித்தனம். டீ ஆறியிருந்தால் கோபம். சுட்டால் அதைவிடக் கோபம். ஒருத்தன் ஒன்றும் செய்யாமல் சும்மா உட்கார்ந்திருந்தால், இவன் ஏன் சும்மா உட்கார்ந்திருக்கிறான் என்று கோபம்.

அன்றைக்கு ஒரு டீச்சரம்மா ஸ்கூட்டருக்கு ஹாரன் கேட்டு வந்தார். கேட்டதோடு நிறுத்தியிருக்கலாம். ரொம்பச் சத்தம் போடாமல் மெதுவாகக் கேட்கிற மாதிரி ஒன்று இருக்கிறதா என்றும் கேட்டுவிட்டார். பிரியாணிக் கடையில் போய்ப் பத்தியச் சோறு கேட்டால் கடைக்காரன் சும்மா இருப்பானா? ராஜபாண்டியின் இடது புருவம் மேலே ஏறியது. மூக்கு விரிந்தது. மீசையின் ஒரு முனை துடித்தது. பெரிய பெரிய லாரி டிரைவர்களே இந்த இடத்தில் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

டீச்சரம்மா பயப்படவில்லை. ராஜபாண்டியின் முகத்தை உற்றுப் பார்த்தார். பிறகு தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு சிரித்தார்.

ராஜபாண்டி அந்தக் காதைப் பார்த்தார். புளியங்கொட்டையைவிடக் கொஞ்சம் பெரிதாக, சுட்ட பீங்கானில் ஒரு தோடு. அதில் ஏறிப்போன ஒரு புருவமும் கீழே பிதுங்கிய ஒரு கண்ணும் இருந்தன. மறு காதில் பாதி மீசை, விரிந்த ஒற்றை மூக்குத் துவாரம், அதற்குக் கீழே கறுப்பாக ஒரு மச்சம். ராஜபாண்டியின் விரல் தானாகத் தன் மூக்குக்குக் கீழே போனது. மச்சம் அங்கேதான் இருந்தது.

எங்கே வாங்கினது என்று கேட்டார். அவனியாபுரத்தில் ஒரு அக்கா கையாலேயே செய்கிறார்கள் என்று டீச்சரம்மா சந்தோஷமாகச் சொன்னார். "இந்த செட்டுக்குப் பேரு கோவக்காரரு சார். இதுலயே நெறய வகை இருக்கு. கரண்டு போன கோவம், பத்திரிகையில பேரு சின்னதாப் போட்ட கோவம். இது ரசத்துல உப்பு இல்லாத கோவம். எங்க ஸ்டாஃப் ரூம்ல எல்லாருகிட்டயும் இருக்கு."

அவனியாபுரத்து அக்கா ராஜபாண்டியின் சம்சாரம். பெயர் முத்துமீனா.

கடையைப் பாதியில் சாத்திவிட்டு, வழியில் போன வந்த வண்டிக்காரர்களையெல்லாம் திட்டிக்கொண்டே அவர் வீடு வந்து சேர்ந்தார். வீட்டை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை. முன்பெல்லாம் அதில் ஓட்டை ஹாரன்களைப் போட்டு வைத்திருந்தார். பீங்கான் நகை செய்கிற வகுப்புக்குப் போய்ப் படித்துவிட்டு வந்த முத்துமீனா, ஹாரன்களை எடைக்குப் போட்டுவிட்டு அங்கே ஒரு கரண்டு சூளையைக் கொண்டுவந்து நிறுத்தினாள். இடுப்பு உயரத்துக்கு இரும்புப் பெட்டி. உள்ளே செங்கல், அதற்குள்ளே கம்பி. அவள் அதைச் சூளை என்பாள். அவர் கடைசிவரை அடுப்பு என்றே சொன்னார்.

அவளுடைய வேலையைக் குறை சொல்ல முடியாது. வெள்ளைக் களிமண்ணைச் சப்பாத்தி மாவு மாதிரி பிசைந்து தேய்த்து, மேலே ஒரு வேப்பிலையை வைத்து அழுத்தி எடுத்தால் நரம்பு நரம்பாக இலை அப்படியே மண்ணில் நிற்கும். அதை வெட்டிக் காயவைத்து, சுட்டு, சாயம் பூசி மறுபடியும் சுடுவாள். முருங்கைப் பூ, புளியம்பிஞ்சு, தண்ணீர் வற்றிப் பாளம் பாளமாக வெடித்த கண்மாய் என்று கண்ணில் பட்டதெல்லாம் அவளுக்குத் தோடும் பதக்கமும்தான். மனிதர்கள் பட்டதையும் விடமாட்டாள். பிள்ளையை முதல் நாள் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்புகிற தாயின் உள்ளங்கையை ஒரு பதக்கமாகச் செய்திருந்தாள். அதைப் பார்த்து அழுத பெண்கள் உண்டு. ராஜபாண்டி அதையெல்லாம் ஒருநாளும் குனிந்து பார்த்ததில்லை. அன்றைக்குத்தான் குனிந்தார். தட்டு நிறைய அவருடைய மூக்கு காய்ந்துகொண்டிருந்தது.

"என் மூஞ்சிய எதுக்குடி செஞ்ச?"

"எந்த மூஞ்சிய?"

"மச்சம் உள்ள மூஞ்சிய."

"அதுவா, அது அனுபவம்."

"என்னா அனுபவம்?"

"இயற்கையும் மனுச அனுபவமும். நம்ம நகைக்கு அதான் தத்துவம். புளியம்பூ இயற்கை. நீங்க அனுபவம்."

"நான் ஒனக்கு அனுபவமா?"

"வேற யாரு எனக்கு இம்புட்டு அனுபவத்தக் குடுத்தா?"

அதற்குப் பிறகு ராஜபாண்டி போட்ட சத்தத்தை இங்கே எழுத முடியாது. பக்கத்து வீட்டில் டிவி சத்தத்தைக் கூட்டினார்கள். தன் மானம் போனது, மரியாதை போனது, மதுரைக்குள் தலை காட்ட முடியாது, இந்த அடுப்பு இந்த நிமிஷமே வீட்டை விட்டு வெளியே போக வேண்டும் என்று குதித்தார். முத்துமீனா மண் தட்டைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஒரு உருண்டை மண்ணை எடுத்துத் தட்டினாள். நகத்தால் ஒரு கீறல் போட்டாள்.

"அந்தக் கழுத்து நரம்பு இதுவரைக்கும் வந்ததில்லீங்க. அப்புடியே இருங்க" என்றாள்.

ராஜபாண்டி கழுத்தைக் கையால் மூடிக்கொண்டார். மனுஷன் தன் வீட்டில் நிம்மதியாக ஒரு கோபம் படக்கூட முடியாதா என்று கேட்டார்.  உண்மையில் அவருக்கு வலித்தது. உலகத்தில் அவருக்கென்று இருந்த ஒரே சொத்து, அவரைக் கண்டு நாலு பேர் பயப்படுவது. அதைப் போய்க் காதில் மாட்டி ஆட்டினால் எப்படி?

முத்துமீனா கையிலிருந்த மண்ணை உருட்டினாள். "முன்னெல்லாம் நீங்க கத்துனா எனக்குக் கை நடுங்கும்" என்றாள். "கொழம்புக் கரண்டியக்கூடக் கீழ போட்ருவேன். இப்ப கையில மண்ணு இருக்கு. நடுங்குறதில்ல."

 தோளில் கிடந்த துண்டை உதறிப் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

உள்ளே போனவர் சுவரைப் பார்த்து ஒரு சபதம் எடுத்தார். இனிமேல் கோபமே படுவதில்லை. மூலப்பொருள் இல்லாவிட்டால் பாக்டரி எப்படி ஓடும் என்று பார்த்துவிடுகிறேன்.

மறுநாள் காலையில் டீ ஆறிப்போய் வந்தது. ராஜபாண்டி சிரித்தார். இட்லிக்குச் சட்னி இல்லை, பொடிதான் என்றாள். சிரித்தார். கடையில் ஒருவன் அவர் எடுத்துக் காட்டிய ஹாரனையெல்லாம் அடித்துப் பார்த்துவிட்டு, சும்மாதான் வந்தேன் என்று சொல்லிப் போனான். ராஜபாண்டி பல்லைக் கடித்துக்கொண்டு, போய்ட்டு வாங்க அண்ணே என்று வழியனுப்பினார். உள்ளே கொதித்தது வெளியே வர வழி இல்லாமல் உடம்புக்குள் சுற்றிச் சுற்றி வந்தது. காது மடல் சிவந்தது. கன்னம் உப்பியது. ராத்திரி சாப்பாட்டில் ரசத்துக்கு உப்பே இல்லை. முத்துமீனா வேண்டுமென்றே செய்தாளா, மறந்தாளா என்பது அவளுக்கும் அம்மனுக்கும்தான் தெரியும். ராஜபாண்டி ஒரு வாய் குடித்தார். கண் நிறைந்தது. "பிரமாதம்" என்றார்.

அந்த வாரக் கடைசியில் புது செட்டு வந்தது. உப்பிய கன்னம் ஒரு காதுக்கு, கடித்த பல் மறு காதுக்கு. அடக்கின கோவம் என்று பெயர். பழையதைவிட இதுதான் அதிகம் போனது. கல்யாணமான பெண்கள் பார்த்த உடனே யாரென்று கேட்காமலே வாங்கிக்கொண்டு போனார்கள்.

இதற்கு மேல் சிரித்தால் உயிருக்கே ஆபத்து என்று ராஜபாண்டி சபதத்தைக் கைவிட்டார். பக்கத்து பேட்டரிக் கடைக்காரர் கண்ணுச்சாமியிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினார். கண்ணுச்சாமி நல்ல யோசனைக்காரர். அவருடைய யோசனையைக் கேட்டு நன்றாக இருந்தவர் யாரும் இல்லை என்றாலும், கேட்கும்போது நன்றாக இருக்கும்.

"மாப்ள, வீட்டுக்குள்ள கோவப்பட்டா அது நகையாப் போகுது. சபையில கோவப்படு" என்றார் கண்ணுச்சாமி. "ஒந்தங்கச்சி மகளுக்குக் காது குத்து வருதுல்ல? நீ தாய்மாமன்டா. மாமன் மடியில்லாம எவன் காது குத்துவான்?"

ராஜபாண்டியின் முகத்தில் வெகுநாளைக்குப் பிறகு வெளிச்சம் வந்தது.

வாடிப்பட்டியில் கட்டிக்கொடுத்த தங்கை செல்லத்தாய்க்கு வெகுநாள் கழித்துப் பிறந்த ஒரே மகள் தமிழ்வாணி. அவளுக்கு மண்டபம் பிடித்துக் காது குத்து. தாய்மாமன் சீர் கொண்டுவந்து, பிள்ளையை மடியில் உட்காரவைத்தால்தான் ஆசாரி ஊசியைத் தொடுவார். அதனால் அந்த ஒரு நாள் மட்டும் தாய்மாமன் முறுக்கிக்கொள்ளலாம். சொந்தக்காரர்கள் வந்து கெஞ்ச வேண்டும். கேட்டதைக் கொடுக்க வேண்டும். அவர் மனம் இறங்கினால் தங்கை வீட்டார் மேளத்தோடு வந்து தலையில் துண்டைக் கட்டி, கையில் தாம்பூலத் தட்டைக் கொடுத்து அழைத்துப் போவார்கள்.

ஆனால் ராஜபாண்டியின் வகையறாவில் இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. துண்டைக் கட்டித் தட்டையும் வாங்கிவிட்டால், அதோடு கோபம் தீர்ந்தது. அடுத்த விசேஷம் வரைக்கும் அந்த வீட்டார் மேல் மாமன் முகத்தைச் சுளிக்கக்கூடாது. சுளித்தால் மாமன் உரிமை பங்காளிக்குப் போய்விடும். ராஜபாண்டியின் பங்காளி கருத்தக்கண்ணன் இதற்காகவே ஒவ்வொரு விசேஷத்துக்கும் புது வேட்டி கட்டிக்கொண்டு முதல் வரிசையில் வந்து உட்காருவான். ராஜபாண்டி அவனுக்கு இதுவரை இடம் கொடுத்ததில்லை. தட்டு வாங்குகிறவரை நன்றாகக் கோபித்துக்கொள்வார், வாங்கின பிறகு வாயைத் திறக்கமாட்டார்.

விசேஷத்தன்று காலையில் ராஜபாண்டி மீசைக்குச் சாயம் போட்டார். வெகுநேரம் போட்டார். முத்துமீனா அதற்குள் சீர்த் தட்டுகளையெல்லாம் தானே வேனில் ஏற்றி வைத்திருந்தாள். அவருக்கு ஒரு வேலையும் வைக்கவில்லை. போகிற வழியெல்லாம் அவர் மனதுக்குள் வசனம் ஒத்திகை பார்த்தார்.

மண்டபத்து வாசலில் இறங்கியதும் முதல் காரியமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து வேப்பமரத்தடியில் போட்டு உட்கார்ந்தார். கால் மேல் கால் போட்டார். தெருவைப் பார்த்தார். அவ்வளவுதான், மாமன் முறுக்கிக்கிட்டார் என்று உள்ளே சேதி போய்விட்டது.

முதலில் பெண்கள் வந்தார்கள். பேனரில் பேர் சின்னதாகப் போட்டதா, வாசலில் வரவேற்க ஆள் இல்லையா, என்ன குறை என்று ஒவ்வொருத்தியும் குனிந்து கேட்டாள். குனிந்தபோதெல்லாம் தோடு ஆடியது. ஒருத்தி காதில் கரண்டு போன கோவம். அடுத்தவள் காதில் ரசத்துக் கோவம். அவருக்குப் பெண் கொடுத்த முறையில் மாமியாராகிற ஒரு கிழவி, அடக்கின கோவத்தையே மாட்டிக்கொண்டு வந்து நின்றாள். தன் கோபத்தைச் சமாதானப்படுத்தத் தன் கோபமே வந்து நிற்கிற கொடுமை எந்த மாமனுக்கும் நடந்திருக்காது. ராஜபாண்டிக்கு உச்சி மண்டை வரை ஏறியது. புருவம் உயர்ந்தது, மூக்கு விரிந்தது, மீசை துடித்தது. சுற்றி நின்ற சிறுசுகள் அவர் முகத்தையும் பெண்களின் காதையும் மாறி மாறிப் பார்த்து, எது சரியாக இருக்கிறது என்று தங்களுக்குள் சண்டை போட்டுக்கொண்டன.

"ஆம்பளைங்கள வரச் சொல்லு" என்று கத்தினார்.

செல்லத்தாயின் புருஷன் மலைச்சாமி வந்தார். நெல் வியாபாரி. மச்சான் கோபித்தால் பதில் பேசாமல் தரையைப் பார்க்கிற நல்ல மனுஷன். பின்னாலேயே செல்லத்தாய் பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள். ஆசாரி காத்திருப்பதாகவும், பிள்ளை ஏற்கனவே அழ ஆரம்பித்துவிட்டதாகவும் சொன்னாள். முதல் வரிசையில் கருத்தக்கண்ணன் வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழுந்திருப்பது வாசலில் இருந்தே தெரிந்தது.

"என்னா அண்ணே வேணும் ஒனக்கு? சொல்லு, செய்றோம்."

"எனக்கு ஒண்ணும் வேணாம். ஒம் மதினிய வரச் சொல்லு."

முத்துமீனா வந்தாள். மாமன் பெண்டாட்டி என்பதால் அவளுக்கும் மாலை போட்டிருந்தார்கள். காதில் சின்னதாக முருங்கைப் பூத் தோடு. ராஜபாண்டி எழுந்து நின்றார். வகையறா மொத்தமும் கூடிவிட்டது என்று நிச்சயப்படுத்திக்கொண்டு ஆரம்பித்தார். அந்த அடுப்பு தன் வீட்டில் இருக்கக்கூடாது. இன்றைக்கே போக வேண்டும். அதற்கு இவள் சபையில் சம்மதம் சொன்னால்தான் பிள்ளை தன் மடிக்கு வரும். இல்லாவிட்டால் இப்படியே பஸ் ஏறிவிடுவேன்.

கூட்டம் முத்துமீனாவைப் பார்த்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்றாள். "அம்புட்டு ஆர்டர் கெடக்கு."

"யோசிச்சாச்சு."

"நாளைக்கு எங்க கொண்டுபோன, ஏன் கொண்டுபோனன்னு கேக்கக் கூடாது."

"கேக்க மாட்டேன். எந்த எளிச்சவாயன் எடம் குடுக்குறானோ அவன் வீட்ல கொண்டுபோய் வச்சுக்க. என் வீட்டுக்கு ஆகாது."

"எல்லாரும் கேட்டுக்கிட்டீங்கள்ல?" என்று முத்துமீனா கூட்டத்தைப் பார்த்துக் கேட்டாள். கேட்டுக்கொண்டோம் என்றார்கள். "அப்ப சரி. சூளை இனிமே நம்ம வீட்ல இருக்காது."

இவ்வளவு சீக்கிரம் ஜெயிப்போம் என்று ராஜபாண்டியே எதிர்பார்க்கவில்லை. ஒத்திகை பார்த்த வசனத்தில் பாதி மிச்சம் இருந்தது. அதற்குள் மேளம் முழங்கிவிட்டது. மலைச்சாமி சரிகைத் துண்டைத் தலையில் சுற்றிக் கட்டினார். செல்லத்தாய் வெற்றிலை, பாக்கு, பழம் வைத்த தட்டைக் கையில் கொடுத்தாள். ராஜபாண்டி வாங்கிக்கொண்டார். கருத்தக்கண்ணன் மறுபடியும் உட்கார்ந்தான். மேடையில் தமிழ்வாணி மாமன் மடியில் உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுதாள். ஊசி ஏறியது. அவர் கொண்டுவந்த தங்கத் தோட்டை அவரே எடுத்துக் கொடுத்தார். மூஞ்சி கீஞ்சி எதுவும் இல்லாத யோக்கியமான தோடு அது. அந்த நேரத்தில் ராஜபாண்டிக்கு மூஞ்சியில் வந்த சிரிப்பை அடக்கவே முடியவில்லை.

பந்தியில் கறிக்குழம்பு நன்றாக இருந்தது. உப்பு சரியாக இருந்தது. ராஜபாண்டி இரண்டாம் தடவை சோறு வாங்கிப் பிசையும்போது வெளியே ஒரு ஹாரன் சத்தம் கேட்டது. அது தன் கடை ஹாரன் என்று அவர் காதுக்கு உடனே தெரிந்தது. கைகழுவிவிட்டு, தாம்பூலத் தட்டையும் எடுத்துக்கொண்டு, தலைத்துண்டோடு வாசலுக்கு வந்து பார்த்தார்.

எதிரே ஒரு பழைய ரைஸ்மில். மலைச்சாமியின் அப்பா காலத்து மில், ஓடாமல் பூட்டியே கிடந்தது. இன்றைக்குக் கதவு விரியத் திறந்திருந்தது. உள்ளே சுவருக்கு வெள்ளை அடித்திருந்தது, மேசைகூடப் போட்டிருந்தது. வாசலில் ஒரு குட்டியானை லாரி பின்பக்கமாக வந்து நின்றிருந்தது. அதன் முதுகில், சாக்கு சுற்றிக் கயிறு போட்டுக் கட்டி, இடுப்பு உயரத்துக்கு ஒரு இரும்புப் பெட்டி. பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்த ஆட்களே வந்து அதை இறக்கிக்கொண்டிருந்தார்கள். மலைச்சாமி முன்னால் நின்று, பாத்து, பாத்து, உள்ள செங்கல் இருக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ராஜபாண்டி தட்டைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். அதை எங்காவது வீசவேண்டும் போல இருந்தது. மண்டபத்து வாசலில் கருத்தக்கண்ணன் பல் குத்திக்கொண்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். புருவம் ஒரு நூல் ஏறினால் போதும், அவன் ஊரைக் கூட்டிவிடுவான். ராஜபாண்டி புருவத்தைப் பிடித்து இறக்கினார். மூக்கை ஒடுக்கினார். சிரிப்பு மாதிரி ஒன்றை வரவழைத்துக்கொண்டு மனைவியிடம் போனார்.

"இது எப்ப ஏத்துனது?" பல்லுக்குள்ளேயே கேட்டார்.

"காலையிலதான். நீங்க மீசைக்குச் சாயம் போட்டுக்கிட்டு இருந்தப்ப."

"நான் இங்க வந்து சொல்றதுக்கு முந்தியேவா?"

"நீங்க சொல்லுவீங்கன்னு கண்ணுச்சாமி அண்ணன் வீட்டம்மா அன்னைக்கே சொல்லிருச்சு. அதுவும் நம்ம கஸ்டமருதான்."

ராஜபாண்டி கண்ணுச்சாமியை மனதுக்குள் என்னவெல்லாமோ சொன்னார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மதுரைப் பக்கத்தில் ஒரு மனுஷன் அவ்வளவு கோபத்தை அவ்வளவு இனிமையாக வைத்துக்கொண்டு நின்றது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

முத்துமீனா பொறுமையாக விளக்கினாள். பெரிய சூளை ஒன்று வாங்க வேண்டும். அதற்கு மூணு பேஸ் கரண்டு வேண்டும். வீட்டில் அது வேண்டாமென்று அவர்தான் கத்தினார். மில்லில் அது மில் காலத்திலிருந்தே இருக்கிறது. செல்லத்தாயும் கூட்டுக்கு வருகிறேன் என்றாள். ஆனால் நாமாகப் போய் அவளிடம் இடம் கேட்டோம் என்று தெரிந்தால் அவர் தங்கையோடு பேச்சை முறித்துக்கொள்வார், காது குத்தும் நின்றுபோகும். அதனால் அவர் வாயாலேயே, அத்தனை பேர் முன்னால், எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோ என்று சொல்லவேண்டியிருந்தது. தட்டும் வாங்கவேண்டியிருந்தது. நீங்க ரெண்டையும் நல்லபடியாச் செஞ்சுட்டீங்க என்று முடித்தாள்.

சூளை உள்ளே போயிற்று. அங்கேயிருந்து செல்லத்தாய், மாமன் வந்து சுவிட்சைப் போட்டால்தான் நல்லது என்று கூப்பிட்டாள். தலையில் அவள் கட்டின துண்டு, கையில் அவள் கொடுத்த தட்டு. ராஜபாண்டி போனார். போட்டார். உள்ளே சிவப்பு விளக்கு எரிந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். கருத்தக்கண்ணனும் தட்டினான்.

வெளியே வந்த பிறகும் அவருக்கு ஒரு நப்பாசை இருந்தது. எல்லாம் போனால் போகட்டும். அடுப்பு இங்கே, தன் முகம் அவனியாபுரத்தில். இனிமேல் தான் எப்படிக் கத்தினாலும் பக்கத்தில் மண்ணும் இருக்காது, நகமும் இருக்காது. பழைய நான்கைந்து கோபத்தையே எத்தனை நாளைக்கு விற்பாள்? கொஞ்சம் தைரியம் வந்து மனைவியின் காதருகே குனிந்தார்.

"எல்லாஞ் சரி. இங்க ஒக்காந்துக்கிட்டு என் மூஞ்சிக்கு எங்கடி போவ?"

முத்துமீனா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். "கல்யாணத்துக்கு அப்பறம் உள்ள கோவந்தாங்க எனக்குத் தெரியும்" என்றாள். "அதுக்கு முந்துனதெல்லாம் ஒங்க தங்கச்சிக்கில்ல தெரியும்."